பிறவுணின் கழுத்து வில்லை

நாய்க்கு வில்லை எடுப்பது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை, ஐயா. சுகாதாரப் பரிசோதகருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் எங்கள் ஊரில் அது எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மிச்சம் விளங்கும். வருசத்தில் ஒரு நாள் மிருக வைத்தியப் பகுதி ஆட்கள் கோயில் வளவுக்கு வருவார்கள். நாயைக் கொண்டுபோனால் விசர் நோய்க்கான ஊசியைப் போட்டு ஓர் அட்டை தருவார்கள். அதைப் பிரதேச சபையின் உப அலுவலகத்தில் காட்டினால் அலுமினிய வில்லை கிடைக்கும். நாயின் கழுத்துப் பட்டியில் கொளுவிவிட வேண்டியதுதான். அடுத்த வருசம் திரும்ப ஊசி, திரும்ப வில்லை.

நாங்கள் மீள்குடியேறி வந்தபோது எங்களுக்கு முந்தியே ஊரில் நாய்கள் குடியேறியிருந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியாது. சபைக்காரர் வில்லை எடுக்கச் சொன்னபோது சனம் சிரித்தது. மனிசருக்கு அடையாள அட்டை எடுக்கவே நாயாக அலைகிறோம், இனி நாய்க்குமா என்று பகிடி பண்ணினார்கள். பாதர் என்னைக் கூப்பிட்டு, மூப்பர் நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார். அது உண்மை. கோயில் மூப்பர் என்றால் கதவுத் திறப்பு வைத்திருக்கிறவன் மட்டுமில்லை. வலைப் பிணக்கோ, பெருநாளுக்கு யார் சுரூபக் கூடு தூக்குவது என்ற பிணக்கோ, எதுவானாலும் இந்த ஞானப்பிரகாசத்தின் வாயைத்தான் பார்ப்பார்கள். ஞாயிறு பூசை முடிய எழும்பி நின்று, எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி ஒரே வசனத்தில் சொன்னேன். வில்லை உள்ள நாய் கடித்தால் பயமில்லை, வில்லை இல்லாத நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றேன். அதைச் சனம் ஞானப்பாடம் போலப் பிடித்துக்கொண்டது. ஒரு வீடு மிச்சமில்லாமல் வில்லை எடுத்தது. உப அலுவலகத்தில் எங்கள் ஊரைத்தான் மற்ற ஊர்களுக்கு உதாரணம் காட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடற்கரையில் என் மீன் வாடிக் கொட்டிலில், கவிழ்த்து வைத்த வள்ளத்துக்குக் கீழே ஒரு நாய் குட்டி போட்டது. இரண்டு தப்பின. இரண்டும் மண்ணிறக் கடுவன்கள், ஒரே அச்சு. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பிறவுண் என்று பெயர் வைத்தேன். மற்றது வாடியிலேயே மீன் தலை தின்று பெயரில்லாமல் வளர்ந்தது. முதல் வருசம் பிறவுணைக் கையில் தூக்கிக்கொண்டுபோய் ஊசி போட்டேன். அதற்கடுத்த வருசம், புதுப்பிக்கிற நாளில், அது என்னையே கிட்ட விடவில்லை. அவ்வளவு முரடாகிவிட்டது. கோயில் வளவில் சனம் நாய்களோடு வரிசையில் நிற்கிறது. கூப்பிட்டவன் வெறுங்கையோடு போய் நிற்கலாமா? வாடி நாய் சாது. அதைச் சங்கிலியில் கூட்டிப்போனேன். பிறவுண் என்ற பெயரில் அதற்கு ஊசி போட்டார்கள். வில்லையைக் கொண்டுவந்து, பிறவுண் சோறு தின்னுகிற நேரம் பார்த்து அதன் பட்டியில் கொளுவினேன். நாய்க்கு நோய், வருத்தம் வந்தால் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். யாருக்கும் நட்டமில்லை என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து வளவு யூலிற்றாவுடையது. புருசன் மெல்ரொன் கடலுக்குப் போகிறவன். மகள் யதுசா இரண்டாம் வகுப்பு. வேலி தாண்டி விழுந்த பந்தை எடுக்க எங்கள் வளவுக்குள் வந்தவளைப் பிறவுண் முழங்கைக்குக் கீழே கடித்தது. யூலிற்றா சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையோடு வந்தாள். பின்னால் ஊர்ச் சனமும் வந்தது.

"மூப்பர், ஊசி போட்ட நாய்தானே?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. வில்லையைப் பார்," என்றேன்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஊசி அட்டையை நானே கொடுத்துவிட்டேன். டொக்குத்தர் அட்டையைப் பார்த்தார். இரண்டு வருசமும் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. நாயை இரண்டு கிழமைக்குக் கட்டி வைத்துப் பாருங்கள், ஒரு சின்ன மாற்றம் தெரிந்தாலும் பிள்ளையை உடனே கொண்டுவாருங்கள், ஊசியைத் தொடங்குவோம் என்றாராம். அவரில் ஒரு பிழையும் இல்லை.

அன்றிலிருந்து யூலிற்றா காலையும் மாலையும் எங்கள் வாசற் படலைக்கு வந்தாள். மெல்ரொன் கொண்டுவருகிற மீனில் நல்லதாக ஒன்றை அவித்து, முள் எடுத்து, நாய்க்கென்று கொண்டுவருவாள்.

"சாப்பிடுதோ, மூப்பர்? அதுக்குச் சுகமெண்டால் பிள்ளைக்கும் சுகம்தானே," என்பாள்.

அந்தக் கிழமை முடிய முன்னமே பிறவுண் தண்ணீர்ச் சட்டியை விட்டு ஒதுங்கிப் படுத்தது. வாயால் நீர் ஒழுகியது. குரைக்கிற குரல் மாறிப்போனது. எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. கடி நடப்பதற்கு முந்தின மாதம், களப்புப் பக்கமிருந்து வந்த நரியோடு அது கடிபட்டதை நான் கண்டிருந்தேன். நரி தள்ளாடித்தான் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பிறகு கேட்பீர்கள்.

என் மனிசி ஆன்சலா குசினி வாசலில் நின்று நாயைப் பார்த்தாள்.

"யூலிற்றாவிட்டச் சொல்லுங்கோ. இப்ப போனாலும் ஊசி போடுவினம். பிள்ளை தப்பியிடும்," என்றாள்.

அவள் சொன்னது சரி. நேரம் இருந்தது. ஆனால் அந்தக் கிழமைதான் பெருநாளுக்குக் கொடியேற்றம். நீங்களே யோசித்துப் பாருங்கள். மூப்பரே ஊசியில் சுத்தினான் என்று தெரிந்தால், அடுத்த வருசம் ஒரு நாயாவது வில்லைக்கு வருமா? ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் நான்தானே யோசிக்க வேண்டும். யதுசாவின் காயமும் சின்னதுதான். பல் அவ்வளவாக இறங்கவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஆன்சலாவிடம் சொன்னேன். வாய் திறந்தால் இந்த வீட்டில் இருக்க ஏலாது என்றும் சொன்னேன். அதுவரை அவள் என் சொல்லை மீறினவள் இல்லை.

மத்தியானம், ஊர் சாப்பிட்டுப் படுக்கிற நேரம், பிறவுணை உலக்கையால் அடித்தேன். சத்தமில்லாமல் முடிந்தது. பனை வடலிகளுக்கு நடுவில் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டேன். பட்டியை முதலே கழற்றி, வில்லையைச் சாம்பல் போட்டு மினுக்கி வைத்திருந்தேன். வாடி நாயைக் கூட்டிவந்து, அதே மரத்தில், அதே சங்கிலியில் கட்டி, வில்லையை அதன் கழுத்தில் மாட்டினேன். ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். ஊசி போட்ட நாயின் கழுத்தில்தான் அப்போது வில்லை இருந்தது. அன்றிலிருந்து நான் யூலிற்றாவுக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை.

பின்னேரம் மீனோடு வந்தாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு கிட்ட வந்தது. பிறவுண் ஒரு நாளும் அவளைப் பார்த்து வாலாட்டியதில்லை.

"குணம் மாறிப்போச்சே, மூப்பர்," என்றாள்.

"பிள்ளையைக் கடிச்சது அதுக்கும் துக்கம் போல," என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே மீனை ஊட்டினாள்.

இரண்டு கிழமை முடிந்த அன்று அந்தோனியார் சுரூபத்துக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு யதுசாவையும் கூட்டிவந்தாள். பிள்ளை முதலில் தாயின் பின்னால் ஒளித்தது. பிறகு மெதுவாக நாயின் தலையைத் தடவி, இனிக் கடிக்கக்கூடாது என்று கண்டித்தது. எல்லாரும் சிரித்தோம். ஆன்சலா மட்டும் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். பிள்ளை நல்ல சுகமாகத்தான் நின்றது.

பெருநாள் முடிந்து சில கிழமைக்குப் பிறகு பிள்ளை, நாய் கடித்த இடம் கடிக்கிறது, சொறிகிறது என்று அழுததாம். பிறகு காய்ச்சல். பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையைக் கண்டு கத்தியது. மெல்ரொன் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்த வருத்தம் தொடங்கிவிட்டால் மருந்தில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஊருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

துக்க மணியை நான் அடித்தேன். செபமாலையை நான் தொடங்கி வைத்தேன். அடக்கம் முடிந்த பிறகு யூலிற்றா என்னிடம் வந்து கேட்டாள். மூப்பரின் நாய் நல்ல சுகமாக நிற்கிறதே, அப்படியென்றால் வேறு ஏதோ நாய் பிள்ளையைக் கடித்ததா, தான் கவனிக்காமல் விட்டேனா, பிள்ளை அடிக்குப் பயந்து தனக்கு மறைத்ததா என்று. அவளுக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டியிருந்தது.

"அப்படித்தான் இருக்கும் பிள்ளை," என்றேன்.

மெல்ரொன் இப்போது அவளோடு கதைப்பதில்லை. பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள் என்று தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நான் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் புத்தி சொல்லிப் பார்த்தேன். மூப்பர் என்றால் அதுவும் செய்யத்தானே வேண்டும்.

ஆன்சலா சொல்லித்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபமில்லை. எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் வருசம் பிறவுணுக்கு ஊசி போடவில்லை. அதற்கு விசர் என்று தெரிந்தும் யதுசாவின் தாய்க்கு மறைத்தேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கத்தான் நாயை மாற்றிக் கட்டினேன். வடலிக்குள் தாட்ட இடத்தையும் காட்டுகிறேன். அதில் எனக்குத் தயக்கமில்லை.

ஒன்றை மட்டும் பொறுப்பானவர்களிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் வில்லை புதுப்பிக்கிற காலம் வருகிறது. பூசை முடிய எழும்பி நின்று அறிவிக்கிற வேலையை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். இந்த ஊரில் நான் சொன்னால்தான் சனம் நம்பும்.