ஒம்பது நாள் ஊறின எலும்பு

கோவம் வரத்தான் செய்யும் டாக்டர், நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட எடுத்த முதல் எலும்புத் துண்டு எப்படிக் கெட்டுச்சுன்னு எழுதிக் குடுன்னா எனக்கு எழுத வராது, வாயால சொல்றேன். உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

நீங்க வந்து மூணு மாசம். நான் இருபத்திரெண்டு வருஷமா இந்த ரூம்ல சதைய மெலிசா சீவிக் கண்ணாடியில ஒட்டுறவ. இந்தத் தட்டுல இருக்கிற எல்லாம் என் கைதான். இது கொழுப்பு. உள்ள இருந்த எண்ணெய் நாங்க போடுற மருந்துலயே கரைஞ்சு, ஒவ்வொரு செல்லும் வெறும் கூடா நிக்கும். இது தசைநார். நூல் நூலா ஓடுது பாருங்க, நடுவுல ஒல்லியா ஒட்டிக்கிட்டு இருக்கே, அந்த செல்லுங்கதான் இவ்வளவு நூலையும் சுரக்குது. இது குருத்தெலும்பு. செல்லுங்க குழிக்கு ரெண்டு மூணா உக்காந்திருக்கும், ரத்தக்குழாயே கிடையாது, அடிபட்டா ஆறுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

தெரியும்ங்கிறீங்க. உங்களுக்குத் தெரியாததா. விஷயத்துக்கு வர மனசு வரல, அதான் வளவளன்னு பேசிட்டிருக்கேன்.

எலும்புதான் இதுல முரண்டு. அப்படியே சீவினா கத்தி போயிடும். ஆசிட்ல ஊறப்போட்டு உள்ள இருக்கிற சுண்ணாம்பை எடுக்கணும், பதம் வந்ததும் வெளிய எடுத்துடணும். விட்டா செல்லுல நீலச் சாயம் ஏறாது. எல்லாம் ஒரே ரோஸாப் போயிடும், அப்புறம் புத்துநோயா இல்லையான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அந்தப் பொண்ணோட முழங்கால் எலும்பு ரெண்டாம் நாளே பதமாயிடுச்சு. நான் ஒம்பதாம் நாள்தான் எடுத்தேன்.

மறதி இல்ல டாக்டர். மறந்துட்டேன்னு சொன்னா உங்களுக்கும் எனக்கும் சுலபம். தினம் மூடியைத் தொறந்து பாத்தேன். எடுத்தா சீவணும், சீவினா சாயம் போடணும், போட்டா கண்ணு தானாப் பாத்துடும். இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு மூடிடுவேன். கேட்டவங்ககிட்ட எலும்பு ரொம்பக் கெட்டி, இன்னும் ஊறலன்னேன். என் பேச்சை இங்க யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

ஆமா, மறுபடி துளைச்சு எடுத்து இங்க வர்றதுக்குள்ள ஒன்றரை மாசம் ஓடிப்போச்சு. இப்போ நெஞ்சுப் படத்துல ரெண்டு புள்ளியாம். இனிமே காலை எடுத்தாலும் பிரயோஜனம் இருக்குமான்னு சர்ஜன் யோசிக்கிறாராம். முதல்ல கால் வலின்னு சொன்னப்பவே, மாடி ஏற சோம்பல்னு அவ அம்மா திட்டினாளாம். பாவி.

இது ரெண்டாவது துண்டு. சரியா ரெண்டே நாள். சாயம் எவ்வளவு சுத்தமா ஏறியிருக்கு பாருங்க. உங்களுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு அளவே சேரல, கன்னாபின்னான்னு எலும்பைக் கட்டி வச்சிருக்கு. நீங்க என்ன எழுதப் போறீங்கன்னு எனக்குத் தெரியும்.

எழுதுங்க, நான் தடுக்கல. முதல் துண்டைக் கெடுத்தது நான்தான்னு அதையும் சேத்து எழுதுங்க. ஆனா அந்த ரிப்போர்ட்டை ஆள்கிட்ட குடுத்து வார்டுக்கு அனுப்ப வேணாம், என்கிட்டயே குடுங்க. எப்படியும் நான் மேல போகணும். அங்க படுத்திருக்கிறவகிட்ட பகல் சாப்பாடு எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருந்தேன், அம்மாவை இன்னும் காணோமேன்னு வாசலையே பாத்துட்டிருப்பா.