ஏழு மணி நேரம் பத்து நிமிஷம்

இல்ல சார், ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்குக் கால நீட்டணும். இப்ப மைக்ல என்ன சொன்னாங்க? ஏழு மணி நேரம் பத்து நிமிஷமா? நடுவுல எங்கயும் எறங்கி மாற வேணாம்ல? ஆமாமா, எனக்கு மொதத் தடவதான்.

பொண்ணு அங்க இருக்கா. ஒரே பொண்ணு. ஒம்பது வருஷமாச்சு படிக்கப் போயி. அங்கயே கல்யாணம், அங்கயே கொழந்த. கல்யாணத்துக்கு நான் போகல. மூணு ப்ளேன் மாறணும்ப்பா, இருபத்தாறு மணி நேரம் ஆகும், ஆபரேஷன் பண்ண காலோட அவ்வளவு நேரம் உக்காரக் கூடாதுன்னா. நான் முப்பது வருஷமா லாரி ஓட்டறவன் சார். தூரமும் நேரமும்தான் என் பொழப்பே. ஆனா பெத்த பொண்ணு சொல்றத யாரு கணக்குப் போட்டுப் பாப்பாங்க?

சம்சாரம் மட்டும் போனா. கல்யாணத்துக்கு ஒரு தடவ, பிரசவத்துக்கு ஒரு தடவ. திரும்பி வந்து, இடுப்பே போச்சுங்க, நீங்க வராததே நல்லதுன்னு கால நீட்டினா. நான்தான் எண்ண தேச்சு விட்டேன்.

போன மாசம் ஏர்போர்ட் சரக்குக் குடோனுக்கு ஒரு லோடு. பெட்டியில ஒட்டியிருந்த சீட்டுல எம்பொண்ணு இருக்கற ஊரு பேரு. அங்க இருந்த குமாஸ்தாகிட்ட பெருமையாச் சொன்னேன், எம்பொண்ணு அங்கதான், போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல ஆகும்னு. அவரு சிரிச்சிட்டாரு. ஆறாயிரம் கிலோமீட்டர்கூட இல்லண்ணே, காலைல பத்துக்கு ஏத்துனா நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் அஞ்சுக்கெல்லாம் அங்க எறங்கிடும், பன்னெண்டு வருஷமா நேர் ப்ளேன் தெனம் போகுதேன்னாரு.

லாரில ஏறி அப்பத்தான் கணக்குப் போட்டுப் பாத்தேன். சாவி கையிலயே இருந்துச்சு.

இல்லல்ல, கூட்டிட்டுப் போக அவ வரமாட்டா. நான் வர்றதே தெரியாது. விலாசம் எழுதி வச்சிருக்கேன்.

சண்ட போடவா? அதெல்லாம் இல்ல சார். அன்னிக்கு வீட்டுக்குப் போயி சம்சாரத்தக் கேட்டேன். துணி மடிச்சுக்கிட்டிருந்தா. ஒரே சட்டைய மூணு தடவ மடிச்சா. அப்புறம் சொல்லிட்டா. அங்க காலேஜ்ல சேந்த புதுசுல, உங்கப்பா என்ன பண்றாருன்னு யாரோ கேட்டிருக்காங்க. லாரி ட்ரைவர்னு சொல்ல எம்பொண்ணுக்கு வாய் வரல. அப்பா இல்ல, செத்துட்டாருன்னுட்டாளாம். பக்கத்துல நின்னு கேட்டவருதான் இப்ப மாப்பிள்ள. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியலயாம்.

எதுல செத்தேன்னு சொல்லியிருக்கான்னு கேட்டேன். மாரடைப்பாம். தூக்கத்துலயே போயிட்டேனாம். நான் கொஞ்சங்கூடக் கஷ்டப்படலயாம் சார்.