பறந்து வந்த புறா

— ஒரு பக்கம் முழுக்கப் புறாவுக்குத் தீனி போட்டுண்டே இருக்கே சகினா. கம்பு, சோளம், பட்டாணி, எது எவ்வளவுன்னு அளவு வேற. இது கதையா, மளிகை லிஸ்டா?

— சிரிக்காத நீரஜா. புறா கிளப்போட ஆண்டு மலருக்கு எழுதறேன். படிக்கறவங்க பூரா புறா வளக்கறவங்க. தீனில தப்பு இருந்தா முதல் பக்கத்துலயே மூடி வச்சிடுவாங்க.

— தப்பில்லாம எழுது, யார் வேண்டாங்கறா? அவாளுக்குத் தெரிஞ்சதையே அவாளுக்குப் பாடம் எடுக்காதேங்கறேன். நானும் முதல் கதை சபா மலருக்குத்தானே எழுதினேன்? ஒரு ராகத்தை ரெண்டு பக்கம் இழுத்துட்டேன். படிச்சுட்டு ஒரு வித்வான், "ஆலாபனை பிரமாதம்மா, கதை எப்போ?"ன்னார். எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னே தெரியலை.

— அப்ப தீனிய எடுத்துடவா?

— ரெண்டு வரி வச்சுக்கோ, போறும். யாருக்கு என்ன வேணும், ஏன் கிடைக்கலை, அதைச் சொல்லு. புறா தெரிஞ்சவன் தலையாட்டணும். காக்காய்க்கும் புறாவுக்கும் வித்தியாசம் தெரியாத நானும் அழணும்.

— வேணுங்கறது அந்தம்மாவுக்கு. மகன் வேணும்.

— அது மூணாம் பக்கத்துலன்னா ஒளிஞ்சுண்டிருக்கு! பந்தயத்துல தோத்துப்போன புறாவை அப்பன்காரர் பல்லாவரம் சந்தைல விக்கறேங்கறார். பையன் சண்டை போட்டு, அதைத் தூக்கிண்டு நெல்லூர் போயிடறான். இங்கேதான் கதை ஆரம்பிக்கணும். ஏண்டி, பேரை மட்டும் மாத்தியிருக்கே. இது உன் பிள்ளை ஃபைசான்தானே?

— கதைல வர்றவங்க யார்னு கேக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ.

— சரி, கேக்கலை. துபாய்லேந்து போன் பண்றானோ?

— எனக்கு இல்ல. அவங்க அத்தா கிட்ட எப்பவாவது பேசறானாம். கோபம் இன்னும் போகலியாம்.

— அப்பா கிட்ட பேசறவனுக்குப் பெத்தவ கிட்ட என்ன கோபம்?

— என் நெஞ்சைத் தொறந்து தெச்சாங்களே, அன்னிக்குக்கூட ஒரு வார்த்தை இல்ல. முன்னல்லாம் அவங்க அத்தாவுக்குத் தெரியாம வாரம் ஒரு தடவை பேசுவான். "அம்மா, மீன் கொழம்பு எப்படி வைக்கறது?"ன்னு கேப்பான். சொல்லிக்கினே இருப்பேன், அந்தப் பக்கம் எண்ணெய் காயற சத்தம் கேக்கும். அதெல்லாம் எழுதல. கை ஓடல.

— அதைத்தான் எழுதணும்! அந்த எண்ணெய் சத்தம் போறுமே. அழுதுண்டே எழுது, தப்பில்லை. யார் படிக்கணும்னு எழுதறே, அதை மட்டும் நினைச்சுக்கோ. முதல் கதையை ஊருக்கே எழுதக் கூடாது.

— ஒரே ஒருத்தர் படிச்சாப் போதும் எனக்கு.

— படிப்பான் பாரேன். கிளப்புக்காரா வாட்ஸ்அப்ல போட்டா துபாய்க்குப் போகாதா என்ன? சரி, முடிவுக்கு வரேன். அம்மா ஆஸ்பத்திரிலேந்து ஆத்துக்கு வரா. மொட்டை மாடில அந்தப் புறா நிக்கறது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா ஒண்ணு இடிக்கறதுடி.

— எது?

— வளந்த புறாவை எங்கே கொண்டு போனாலும் பொறந்த மாடிக்கே திரும்பிடும், அதனால பையன் இறக்கையைக் கத்தரிச்சு வச்சிருந்தான்னு எழுதியிருக்கே. கடைசில அம்மா அதைக் கைல எடுத்துப் பாக்கறா. இறக்கை கத்தரிச்சபடியே இருக்கு. அப்போ எப்படி வந்தது?

— கண்ணால பாத்தத எழுதுன்னு சொன்னியே. பாத்தேன், எழுதினேன்.

— நீ பாத்திருக்கலாம். படிக்கறவன் விடமாட்டானே. பையன் துபாய்க்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, இறகு முளைக்கற வரைக்கும் வச்சிருந்து திறந்து விட்டான்னு ஒரு வரி சேத்துட்டு, கடைசில வர கத்தரிச்ச இறக்கையை எடுத்துடு.

— அவங்க அத்தாவும் அப்படித்தான் சொன்னாரு. தொறந்து வுட்டுட்டு ஃப்ளைட் ஏறிட்டானாம்... ஏங்க, தொழுதுட்டு வந்துட்டீங்களா? நீரஜா வந்திருக்கா.

— சலாம் நீரஜாம்மா. டீ குடிச்சீங்களா? இவ இன்னாமோ எழுதிக்கினே கீறா. அடுப்புல பால் பொங்கி ஊத்துனாகூட கண்டுக்கறதில்ல.

— வாங்கோ பாய், நல்ல நேரத்துல வந்தேள். நீங்களே சொல்லுங்கோ. இறக்கை கத்தரிச்ச புறா நெல்லூர்லேந்து மயிலாப்பூருக்கு வருமோ?

— நெல்லூரா? அத இன்னாத்துக்கு எழுதற சகினா? பந்தயம் கிந்தயம்னு ஜாலியா எதுனா எழுதேன்.

— கேட்டதுக்குச் சொல்லுங்க. வருமா?

— அது... எறகு உதிர்ற சீசன்மா அது. உதிர்ந்து கெடந்தத நீ கத்தரிச்சதுன்னு நெனச்சிக்கின. அந்த வரிய அடிச்சிடு. கிளப்புல கலாய்ச்சு எடுத்துடுவானுங்கோ.

— உதிர்ந்தா வேரோட போயிடும். இது கத்திரி பட்ட வெட்டு, நேரா இருந்துச்சு. ப்ளவுஸ் தெச்சே என் காலம் போச்சு. வெட்டு தெரியாதா எனக்கு?

— பாய் சொல்றதும் நியாயம்தானே சகினா. பறந்து வந்ததுன்னு எழுதிட்டு, இறக்கையும் இல்லேன்னா...

— பறந்து வந்துச்சுன்னு நான் எங்க எழுதினேன்? நல்லாப் பாரு.

— இரு, பாக்கறேன்... ஆமா. "வந்தது"ன்னுதான் இருக்கு.

— அவ்ளோதான் எழுதினேன். ஏங்க, நான் ஆஸ்பத்திரில கெடக்கறப்போ, கடைக்குச் சரக்கு எடுக்கணும்னு சொல்லிட்டு வெளியூர் போனீங்களே. தங்கச்சிய என் பக்கத்துல உக்கார வச்சிட்டுப் போனீங்க.

— சகினா, வேணாம். டாக்டர் இன்னா சொன்னாரு? எதையும் மனசுல போட்டு ஒழப்பிக்காதன்னாரா இல்லியா?

— சொன்னாரு. அதான் கேக்காம இருந்தேன். துபாய்ன்னீங்க, தலையாட்டினேன். கோபமா இருக்கான்னீங்க, அதுக்கும் தலையாட்டினேன். மாடில நீங்க தனியா அழறது கீழ கேக்கும். புறாவோட பேசறாருன்னு பக்கத்து வீட்ல சொல்லி வச்சேன்.

— சகினா, என்னடி சொல்றே? பாய்... ஏன் இப்படிச் செவுத்தைப் பிடிச்சுண்டு உக்காந்துட்டேள்?

— அவர வுடு நீரஜா. பாவம், தனியாவே தூக்கிச் சொமந்துட்டாரு. முடிவு இடிக்குதுன்னியே, நெஜம்தான். கடைசி வரி என் கிட்ட இல்ல, அவர் கிட்டதான் இருக்கு. ஏங்க, என் நெஞ்சு இப்ப தாங்கும். அந்தப் புறாவ மட்டும் தூக்கினு வந்தீங்களே, எம் புள்ளைய எங்க அடக்கம் பண்ணிட்டு வந்தீங்க?