நாலு மூலைக் களி

அதியமான்கோட்டையில் வேலை கேட்டேன், ஆள் வேண்டாம் என்றார்கள். பாலக்கோட்டுப் பேருந்தில் நின்றபடி திரும்பினேன். பக்கத்து இருக்கையில் கம்பெனி வேலை முடிந்து வரும் இரண்டு பெண்கள். சின்னவள் மடியில் புது வட்ட டப்பா.

“சதுர டப்பா என்னயக் காட்டிக் குடுக்கப் பாத்துச்சுக்கா,” என்றாள்.

“என்னா புள்ள சொல்ற?”

“ராத்திரி மீந்த களிய அதுல போட்டு பிரிட்ஜில வெச்சேன். காலைல ஆவி காட்டித் தட்டுல கவுத்தா, நாலு மூலையோட நிக்குது. களி உருண்டைக்கு ஏது மூலைன்னு கேக்குறாரு எங்க வூட்டுக்காரரு. அவசரத்துல அப்பிடி வந்துருச்சுன்னு சமாளிச்சேன். பழசுன்னு தெரிஞ்சா தொட மாட்டாரு. தெனமும் நாலு மணிக்கே எழுந்து கிண்டணும். அப்பறம் ஆறு மணி பஸ்ஸ எங்க புடிக்கறது?”

“அதுக்கு வட்ட டப்பாவா? பிரிட்ஜில பாதி எடத்த அதுவே அடைச்சுக்கும். கடையில திருப்பிக் குடுத்துட்டு சதுரமே வாங்கு.”

“மூலைக்கு என்னாக்கா பண்றது?”

“சுடச்சுடக் கிண்டுன களியையும் டப்பாவுல அமுக்கி சதுரமாவே போடு. எங்க வூட்ல மூணு வருசமா அப்பிடித்தான். போன வாரம் மறந்து, அப்பத்தான் கிண்டுனத உருண்டையாப் போட்டுட்டேன். இது எப்பக் கிண்டுனதுன்னு மோந்து பாக்குறாரு.”