நான் பொறுப்பு

— நழுவாதீங்க திரௌபதிக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா பொம்பளைங்க துணி மாத்துற ரூம்புல என்னைச் சேத்துக்குவாங்கன்னு நீலாவதியக்காவே சொல்லிட்டாங்க.

— அவ சொல்லுவா. கையக் கழுவு இளமதி, முழங்கை வரைக்கும் களிமண்ணு.

— கைய கழுவிடலாம், சேலைய? நேத்து இப்படியே வேப்பூர் பஸ்ஸுல ஏறுனேன். ‘சுடாத பொம்மை வருது பாரு’ன்னு ஒருத்தன் சிரிக்கிறான். பக்கத்துல இருந்த அம்மா எழுந்து போயிட்டாங்க.

— ஆம்பளைங்க ரூம்புல...

— போனேன்க்கா, மொத நாளு. வெளிய தாப்பா போட்டுட்டுச் சிரிச்சானுங்க. அப்புறம் சூளைக்குப் பின்னாடி மாத்துனேன், அங்கயும் எட்டிப் பாக்குறானுங்க. திருநங்கைக்கு வேலை குடுத்தோம்னு மேனேஜரு பேப்பர்ல படம் போட்டாரு. துணி மாத்த எடம் மட்டும் யோசிக்கல.

— கேக்கவே கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா பாரு, போன வருஷம் எங்க ரூம்புல ஒருத்தன் போனை ஒளிச்சு வச்சுப் படம் எடுத்தான். வாசுகி இன்னமும் போத்திக்கிட்டுதான் சேலை மாத்துறா.

— அவன் பண்ணதுக்கு நான் என்னக்கா பண்ணேன்?

— நீ ஒண்ணும் பண்ணல. அவ பயம் பொய்யா, சொல்லு?

— பொய்யில்ல. எனக்கும் தினம் அதே பயந்தான்.

— அப்ப என்னை என்னதான் பண்ணச் சொல்ற?

— எல்லாரும் மாத்திட்டு வந்தப்புறம் கடைசியா போறேன். போனை உங்க கையில குடுத்துடறேன். ‘இளமதிக்கு நான் பொறுப்பு’ன்னு மட்டும் சொல்லுங்க.

— அதைத்தான் சொல்ல மாட்டேன்.

— ஏன்? என்னை ஆம்பளைன்னு நெனைக்கிறீங்களா?

— இல்ல.

— நம்பலையா?

— நம்புறேன். அதான் பயமா இருக்குது.

— புரியலக்கா. போன் வச்சவனை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனதே நீங்கதானாமே. அதனாலதான் உங்க பேச்சுக்கு இம்மாம் மரியாதைன்னாங்க.

— அது மட்டுந்தான் சொன்னாங்களா?

— வேற என்ன இருக்குது?

— லைட்டு மாட்ட வந்தவன் அவன். உள்ள வுடலாமாக்கான்னு வாசுகி என்னைத்தான் கேட்டா. ‘தங்கமான புள்ள, நான் பொறுப்பு’ன்னேன்.

— தெரிஞ்ச பையனா?

— என் தம்பி. இடுப்புல தூக்கி வளத்தேன்.