தட்டில் இல்லாத சிரிப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளவட்டங்கள் இருந்தார்கள். ஒருவன் மடியில் நீல நிறத்தில் பெரிய இசைத்தட்டு ஒன்று இருந்தது.

"இந்தத் தட்டுலயும் எங்கக்கா இல்ல மாப்ள" என்றான் அவன்.

"அக்காவா பாடுச்சு? ராப் பாடுனது நீயும் நானும்டா."

"வில்லாபுரம் மாடி ரூம்ல நாம பாடிப் பதிஞ்சப்ப, வாசல்ல நின்னு சிரிச்சாள்ல. பழைய சிடில அந்தச் சிரிப்பு இருந்துச்சு."

"அந்த சிடிதான் கீறிப்போச்சே. அதுக்காக நம்ம ஆல்பத்த பெங்களூர் கம்பெனிக்காரய்ங்க வினைலா அடிக்க அடிக்க அம்புட்டையும் வாங்குவியா? மொதல்ல கறுப்பு, அப்பறம் செவப்பு, இப்ப நீலம். நம்மள யாருக்குடா தெரியும்? வாங்குறவன் நீ மட்டுந்தான்டா!"

"ஒவ்வொரு தடவையும் சத்தத்தச் சுத்தம் பண்றோம்னு அவ சிரிப்பத் தொடச்சுர்றாய்ங்க மாப்ள. ஒண்ணுலயாவது விட்டுருக்க மாட்டாய்ங்களான்னுதான் வாங்குறேன்."



"அக்கா வீட்ட மீறி தனக்குப் புடிச்சவரக் கட்டிக்கிட்டுப் போனதுல இருந்து ஒங்க வீட்ல யாரும் அதுட்ட பேசல. நீயாச்சும் போன் போடலாம்ல? நம்பர் இருக்குல்ல?"

"இருக்கு. போட்டா எடுப்பா. என் குரலக் கேட்டதும் அழுவா மாப்ள. சிரிக்க மாட்டா."

காளவாசலில் இறங்கிவிட்டார்கள். அந்தத் தட்டை வினைல் என்றுதான் சொன்னதாக நினைவு. தெரிந்தவர்கள் பார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.