கிள்ளான் வரை போகாத கார்

எப்போதுமே ஓடாத காரைச் சரிசெய்வது சுலபம், சார். சில நேரம் ஓடும், சில நேரம் நிற்கும் என்றிருக்கிற காரிடம்தான் பழுது பார்க்கிற போமனுக்குப் பொறுமை வேண்டும். பட்டறைக்கு வந்தால் அது நல்ல பிள்ளையாக ஓடிக் காட்டும். திருப்பி அனுப்பினால் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். அந்த மாதிரிக் கார் என்றால் செல்லையாவிடம் கொண்டு போ என்று கோலசிலாங்கூரில் சீனப் போமன்களே சொல்லி அனுப்புவார்கள். என்னைப் பற்றிப் பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்கள் விசாரித்தால் தெரியும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, அந்த வயரை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறீர்கள். அதில் போட்டிருக்கும் இணைப்பு என் கைவேலைதான். முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் புரியும்.

என் மருமகன் உமாபதி செம்பனைத் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. எண்பத்து நாலில் என் மகள் அமராவதியைக் கட்டினார். அடுத்த வருஷம், ஊருக்குத் திரும்பிய பழைய துரையிடமிருந்து ஓர் ஐரோப்பியக் காரை வாங்கினார். வயதான கார், ஆனால் அந்தக் காலத்திலேயே கார்புரேட்டர் இல்லாமல் வந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை ஒரு சின்ன சென்சார் வயர் வழியாக அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வயர் விட்டுப்போனால் எஞ்சின் பனிக்கட்டியாகக் கிடக்கிறது என்று நினைத்து, பெட்டி பெட்ரோலை அள்ளி ஊற்றும். கொதிக்கிற எஞ்சின் அதைக் குடிக்க முடியாமல் மூச்சுத் திணறி நின்றுவிடும். சற்று நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும்.

உமாபதி முதல்முறை கொண்டுவந்த அன்றே அந்த வயர் லொடலொடவென்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். அழுத்திவிட்டால் முடிந்தது வேலை. ஆனால் அன்று அமராவதியும் கூட வந்திருந்தாள். கல்யாணமான பிறகு தீபாவளிக்கு வந்தவள்தான். அவளுடைய எட்டு வயதில் அவள் அம்மா போய்விட்டாள், பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அன்று அவள் பழைய அடுப்பைப் பற்றவைத்து நெத்திலிச் சம்பல் செய்தாள். நான் பானட்டைச் சாத்திவிட்டு, "இது சாமானியத்துல புடிபடாது மாப்பிள்ள, அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாங்க, பாப்போம்" என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தார்கள். நான் பிளக்கை மாற்றினேன், பெட்ரோல் பைப்பைக் கழற்றி ஊதினேன், அந்த வயரை மட்டும் தொடவில்லை. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. கார் நின்றால் செம்பனை நிழலில் கொஞ்சம் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மிகவும் பிடித்திருந்தன.

கோலாலம்பூரில் பெரிய பட்டறைக்குக் கொண்டுபோகப் போவதாக உமாபதி சொன்னதும் வயரைச் சரியாக்கிக் கொடுத்தேன். கார் சரியானது, அவர்கள் வருவது நின்றது. ஆள்விட்டுச் சொன்ன பிறகுதான் அவள் முழுகாமல் இருப்பதே எனக்குத் தெரியும்.

தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவன் வீட்டில் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்களும் தமிழர்தான். நான் ஓர் அறையைச் சுத்தம் செய்து சுண்ணாம்படித்தேன். புதுக் கட்டில் வாங்கினேன். தோட்டத்தில் நிறையப் பிள்ளைகளைக் கையில் வாங்கிய ஆயா இராஜம்மாவிடம் பேசிவைத்தேன். வளைகாப்பு அன்று கோயில் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும், மகளை அழைத்துப் போகிறேன் என்று முறைப்படி கேட்டேன். உமாபதியின் அம்மா நாகமணி தாம்பூலத்தை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"தாயில்லாத வீட்டுல என்னாங்க பிரசவம்? நீங்களா வெந்நி வச்சி ஊத்துவீங்க? கிள்ளான் ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சாச்சி லா."

கூட்டமே சிரித்தது. அமராவதியும் வளையல் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை அன்றே மறந்துவிட்டேன், அவள் சிரித்ததுதான் வலித்தது. ஆனால் நான் கோபக்காரன் அல்ல. பிரசவத்துக்கு முன்னால் காரை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுகிறேன் என்று மருமகனிடம் சொன்னேன். மறுநாளே கொண்டுவந்து விட்டார். நல்ல பிள்ளை.

இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு தகடு இருக்கும், சார். சூடு ஏறினால் வளைந்து கரண்டைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். துணி கருகாமல் இருப்பதற்காக வைத்தது. பழைய பெட்டி ஒன்றிலிருந்து அதை எடுத்து, சென்சார் வயரின் நடுவில் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் மறைத்தேன். எந்தச் சூட்டில் விலகவேண்டும் என்பதைத் திருகாணியில் மாற்றிக்கொள்ளலாம். காரை ஓட்டி ஓட்டிப் பார்த்து அளவை வைத்தேன். தோட்டத்திலிருந்து என் வீடு வரை வருகிற சூட்டுக்குத் தகடு அசையாது. அதற்கு மேல் ஓடினால் விலகும். யாரையும் கொல்கிற பொருள் அல்ல அது. அந்தக் கார் என் வீட்டுக்கு வரும், கிள்ளானுக்குப் போகாது. அவ்வளவுதான்.

இரண்டொரு தடவை வழியில் நின்றால், மாப்பிள்ளையே மனம் மாறி அவளை என்னிடம் கொண்டுவந்து விடுவார் என்று நினைத்தேன். செக்கப்புக்குப் போகும்போது ஒரு தடவை நின்றது. அவர் மனம் மாறவில்லை. அதற்குள் சொன்ன தேதிக்கு முன்பாகவே அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. தோட்டங்களுக்கு நடுவே கிள்ளான் பக்கம் போகும் மண்சாலையில், குறுக்குவழி என்று போயிருக்கிறார்கள். லீவு நாளில் அங்கே லோரிகூட வராது. கார் நின்றது. ஆறவிட்டுக் கிளப்பினாலும் கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மோட்டார் சைக்கிளில் வந்த நல்லசாமி என்பவரைக் கைகாட்டி நிறுத்தி, "எங்க மாமாவ கூட்டிக்கிட்டு வாங்க, அவரு வந்தா சரியாயிடும்" என்று உமாபதி சொல்லி அனுப்பினாராம். நல்லசாமியின் பின்னால் உட்கார்ந்து நான் போய்ச் சேர்ந்தேன்.

பின்சீட்டில் அமராவதி உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "அப்பா வந்துட்டீங்களா? இனிமே பயமில்ல" என்றாள். அவள் தலையைத் தடவிவிட்டு, பிடித்துக்கொள்ளும்படி மருமகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பிறகு பானட்டைத் திறந்தேன். திறந்த பானட்டுக்கு மறுபக்கம் நடப்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. தகட்டை அறுத்து வாய்க்காலில் எறிந்துவிட்டு, கையிலிருந்த துண்டு வயரை வைத்து இணைத்தேன். அந்த இணைப்பைத்தான் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஓடுது மாமா! கிள்ளானுக்கே போயிடலாம்" என்றார் உமாபதி.

"இந்தக் கார நம்பி அவ்வளவு தூரம் போவ முடியாது, மாப்பிள்ள. இராஜம்மாவ வீட்டுக்கு வரச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவர் அமராவதியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வருஷமாக அந்தக் காரைப் பற்றி நான் சொன்னதையே நம்பிப் பழகியவர். கிள்ளான் என்ன, அன்று அந்தக் கார் ஜொகூர் வரை போயிருக்கும். காரைத் திருப்பினேன்.

பொழுது சாயும் முன்பே பேரன் பிறந்தான். அழுகைச் சத்தம் கேட்டபோது என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கச் சீனிப் பொட்டலத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது இராஜம்மா கதவுக்கு வந்தாள். முழங்கை வரை இரத்தம்.

"அண்ணே, ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. காரு ஓடுமா?"

உமாபதி என்னைப் பார்த்தார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கார் வாசலில், ஒரு குறையும் இல்லாமல் நின்றது. ஆனால் யோசித்துப் பாருங்கள், சார். இப்போது ஓடும் என்றால், சற்று முன்னால் ஏன் ஓடாது என்றீர்கள் என்று கேட்பார். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் நான் என்ன ஆவேன்?

"நடுவழியில நின்னுட்டா வம்பு. டாக்சி பாருங்க மாப்பிள்ள" என்றேன்.

அவர் செருப்புக்கூடப் போடாமல் டவுனுக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை டாக்சி கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"காரு என்னாச்சிப்பா?" என்று கேட்டாள்.

"பாத்துக்கிட்டிருக்கேன்மா" என்றேன்.

டாக்சி வந்தது. அதற்குள் இராஜம்மா அவள் கண்ணை மூடிவிட்டிருந்தாள்.

சுடுகாட்டில் உமாபதி என் காலில் விழுந்து, மாமா வந்ததால்தான் பிள்ளையாவது பிழைத்தது என்று அழுதார். நான் தூக்கி நிறுத்தினேன். பேரனை நாகமணி அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டார். காரை ராவாங்கில் யாருக்கோ விற்றார்கள். அங்கிருந்த போமன், நல்ல வயரை அறுத்து எதற்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறான், அந்தப் பேச்சு உங்கள் வரைக்கும் வந்திருக்கிறது. கெட்டிக்காரன்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். தகட்டை வைத்தது நான். காரைத் திருப்பியது நான். சாவியை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. இன்னும் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகளுக்குத் தலைப்பிரசவம் என் வீட்டில்தான் நடந்தது, சார். முறையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.